கோதா மண்ணிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு

பொள்ளாச்சி, கோவை ஜிம்களில் இன்று பிளாங்க் என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்கு ஆறடித் தரை போதும். முழங்கைகளைத் தோளுக்கு நேர்கீழே ஊன்ற வேண்டும். கால்விரல்களைத் தரையில் பதித்து, தலையிலிருந்து குதிகால்வரை உடம்பை ஒரே கோடாக நிறுத்தி, அப்படியே இருக்க வேண்டும். வயிறு தொய்யக் கூடாது; இடுப்பு மேலே தூக்கக் கூடாது; மூச்சை அடக்கவும் கூடாது. பழகாதவருக்கு அரை நிமிடத்துக்குள் அடிவயிறு நடுங்க ஆரம்பிக்கும். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோலத் தெரியும் இந்த இருப்பில் வயிற்றுத் தசைகள், விலாவோரத் தசைகள், முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், பிட்டம், தோள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்து நிற்கின்றன.

காசு கேட்காத, கருவி கேட்காத பயிற்சி எல்லோருக்கும் உரியதாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. தரையில் கை ஊன்றி உடம்பைத் தாங்கும் பழக்கம் பல நூறு ஆண்டுகள் ஆண்களின் கோதாவுக்குள்ளேயே அடைந்து கிடந்தது. அந்த வேலி உடைந்த கதையில் கொங்கு நாட்டுக்கு, அதிலும் ஆனைமலை அடிவாரத்துக்கு, நல்ல பங்கு உண்டு.

மல்யுத்தம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆமூர் மல்லனைப் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்திய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டான். மாமல்லபுரம் அந்தப் பட்டத்தை இன்றும் தாங்கி நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த மானசோல்லாசம், மல்லர்களை வயதும் பலமும் பார்த்துத் தரம் பிரிப்பது, அவர்களுக்கு என்ன சாப்பாடு போடுவது, எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று ஒரு பகுதி முழுக்கப் பேசுகிறது. அரண்மனை தீனி போட்டு வளர்த்த உடம்புகள் அவை.

யோக நூல்களில் பழைய ஆசனங்கள் பெரும்பாலும் உட்கார்ந்து செய்பவை. திருமந்திரம் சொல்லும் ஆசனங்களில் பத்மம், பத்திரம், சிங்கம் எல்லாம் அமர்ந்த நிலைதான். குக்குடம் ஒன்று கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவது. உடம்பைத் தரைக்கு இணையாக நீட்டித் தாங்கும் நிலைகளில் மிகப் பழையது மயூராசனம். வைகானச ஆகம மரபைச் சேர்ந்த விமானார்ச்சனாகல்பம் என்ற நூல் சுமார் பத்தாம் நூற்றாண்டிலேயே அதை விவரிக்கிறது. இரண்டு முழங்கைகளையும் தொப்புளோரம் அழுத்தி, முழு உடம்பையும் கைகளின் மேல் கிடையாக நிறுத்தும் அந்த ஆசனம் பிளாங்கைவிடப் பலமடங்கு கடினம். செய்தவர்கள் கோயில், மடம் சார்ந்த ஆண்கள்.

கொங்கு நாடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மைசூர் ஆட்சியில் இருந்தது. உடையார்கள், ஹைதர் அலி, திப்பு என்று வரிசையாக ஆண்டு, 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் கம்பெனியின் கைக்கு வந்தது. மைசூரோ பயில்வான்களின் ஊர். தசராவில் மல்யுத்தம் இல்லாமல் விழா முடியாது. கோதாவில் இறங்குகிறவன் தினமும் எடுக்க வேண்டியவை தண்டாலும் பஸ்கியும். தண்டாலில் கையும் கால்விரலும் ஊன்றி, பிட்டத்தை உயர்த்தி, மார்பு மண்ணை உரசுவதுபோல் இறங்கி, வில்லாக வளைந்து எழ வேண்டும். நூற்றுக்கணக்கில் எடுத்தால்தான் பயில்வான் என்பார்கள். தண்டாலை நடுவழியில், உடம்பு நேராக இருக்கும் நொடியில் நிறுத்திப் பாருங்கள்: அதுதான் பிளாங்க். பழைய வாத்தியார்கள் சோம்பேறிப் பையன்களை அப்படியே நிற்க வைப்பது தண்டனை. இன்று அதையே காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறோம்.

மைசூரிலேயே இன்னொரு திருப்பமும் நடந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1930-களில் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சார்யா யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோய்சும் அவரிடம் பயின்றவர்கள். அந்த அரண்மனை நூல்களைத் தேடிப் படித்த ஆய்வாளர் நார்மன் ஸ்யோமன், 1896-இல் வெளிவந்த வியாயாம தீபிகை என்ற உடற்பயிற்சி நூலின் தண்டால் வகைகளுக்கும் பின்னாளைய யோகசாலைப் பாடங்களுக்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். உடம்பைத் தரைக்குச் சற்று மேலே நேராக நிறுத்தும் சதுரங்க தண்டாசனம் இன்று உலகமெங்கும் யோகா வகுப்புகளில் செய்யப்படுகிறது. அதற்குள் மல்லனின் வியர்வை கலந்திருக்கிறது என்பது அவருடைய வாதம். எல்லோரும் இதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கோதாவும் யோகசாலையும் சுவர் ஒட்டிய வீடுகளாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. மராட்டிய நாட்டில் அவுந்த் சமஸ்தான அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி சூரிய நமஸ்காரத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குரிய பயிற்சியாகப் பரப்பியதும் இதே காலத்தில்தான்.

இதற்கு முன்பே ஐரோப்பாவிலிருந்து ஒரு பெயர் வந்து இறங்கியிருந்தது. யூஜின் சாண்டோ 1904-05 வாக்கில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். தசை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டும் அவருடைய புகைப்படங்கள் இங்கே பரவின. அவருடைய முறை டம்பெல்லை நம்பியது. டம்பெல்லுக்குக் காசு வேண்டும். கிட்டத்தட்ட அதே காலத்தில் ஆந்திரத்து வீரகட்டத்தில் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு, மார்பின் மேல் யானையை ஏற்றி நிற்க வைத்து ஊர் ஊராக சர்க்கஸ் நடத்தினார். சென்னை சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பு படித்தவர் அவர். நெஞ்சுக்கூடும் வயிறும் அந்த எடையைத் தாங்கியது மூச்சுப் பயிற்சியால் என்றே அவர் சொல்லிவந்தார். சாண்டோவின் பெயர் மட்டும் தமிழ்நாட்டில் பட்டமாகத் தங்கிவிட்டது. அந்தப் பட்டத்தைச் சுமந்தவர்களில் மிகப் பெரியவர் கோவைக்காரர்.

கோவை ராமநாதபுரத்தில் 1915-இல் பிறந்த அய்யாவு மகன் சின்னப்பா, வறுமையால் பள்ளிப் படிப்பைத் தொடர முடியாமல் சிறு வயதிலேயே பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவர். கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையாக முளைத்தன. சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து, பஞ்சு பறக்கும் கூடத்தில் நின்று வேலை செய்து, மறுபடி சங்கு ஊதியதும் வெளியே வரும் இளைஞர்களின் நகரமாக அது மாறியது. அந்த இளைஞர்கள் போய் நிற்க ஓரிடம் வேண்டியிருந்தது. சின்னப்பாவும் சகோதரர்களும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய வீர மாருதி தேகப் பயிற்சி சாலை அப்படி ஓரிடம். தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை, கம்பு, குஸ்தி; முன்னே அனுமன் படம். பயில்வான்களுக்கு அனுமன்தான் குலதெய்வம் மாதிரி.

இங்கே நடந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றுகிறது. மானசோல்லாச காலத்தில் அரசன் தீனி போட்டு வளர்த்த உடம்பை, ஆலைக் கூலிக்காரன் தன் சொந்தக் கூலியில் சாப்பிட்டு, தன் பேட்டையிலேயே வளர்த்துக்கொண்டான். பார்க்க ராஜா இல்லை, பரிசுக்கு மானியம் இல்லை. தனக்காகவே ஒரு தொழிலாளி தன் உடம்பைக் கவனித்துக்கொள்வது அன்றைக்குப் பெரிய காரியம்.

கோவையில் அப்போது சினிமாவும் இருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் படங்கள் எடுக்கப்பட்டன. பெரிய வேடம் கிடைக்காமல் கோவையில் தங்கியிருந்த எம்.ஜி.ஆருக்கும் சின்னப்பாவுக்கும் நட்பு உண்டானது இந்த நாள்களில்தான். நட்பின் அடிப்படை உடற்பயிற்சி. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி 1947-இல் வந்தபோது அதில் அவரோடு சண்டைபோட்டவர் சின்னப்பா. 1956-இல் தாய்க்குப்பின் தாரம் வழியாகத் தயாரிப்பாளராகி, சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவராகத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவரானார். அவர் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த படங்களின் சண்டைக் காட்சிகளில் கம்பும் குஸ்தியும் அத்தனை முக்கியமாக இருந்தது தற்செயல் அல்ல. திரையில் எம்.ஜி.ஆரின் தோளையும் இடுப்பையும் பார்த்துவிட்டுத் தெருக்கோடி மைதானத்தில் தண்டால் எடுக்கப் போன பையன்கள் எத்தனையோ ஆயிரம். தேவர் யானைப் படங்களிலும் பேர் வாங்கினார். ராஜேஷ் கன்னா நடித்த ஹாத்தி மேரே சாத்தி 1971-இல் வடக்கே வெற்றிக்கொடி நாட்டியது. 1978-இல் அவர் காலமானார்.

பள்ளிக்கூடம் வழியாக இன்னொரு பாதை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். டிரில் மாஸ்டர் என்றிருந்தவரை உடற்கல்வி ஆசிரியராக்கிய நிறுவனம் அது. உள்நாட்டு விளையாட்டுகளையும் பயிற்சிகளையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டது. கோவைப் பக்கத்தில் தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்து, பின்னாளில் உடற்கல்விக்கென்றே ஒரு கல்லூரியைக் கண்டது. அதற்கும் மாருதி என்றே பெயர். ஆலைத் தெருப் பயிற்சிசாலைக்கும் ஆசிரமக் கல்லூரிக்கும் ஒரே தெய்வம். கொங்கு வட்டாரப் பள்ளிகளில் விசில் ஊதி, தண்டால் எடுக்க வைத்த பி.டி. வாத்தியார்களில் பலர் அங்கே பயின்றவர்கள்.

இவ்வளவிலும் பெண்கள் எங்கே?

கிராமத்தில் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: காட்டு வேலையும் வீட்டு வேலையும் செய்கிறவளுக்கு எக்சர்சைஸ் எதற்கு? ஆனைமலை சுற்றுவட்டாரம் ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு. அணை கட்டுவதற்கு முன்பே கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. இடுப்பை வளைத்து நாள் முழுக்க நாற்று நட்ட பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் ஆட்டுக்கல், உரல், தண்ணீர்க்குடம். இது உடற்பயிற்சி அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே பக்கம் வளைந்து, ஒரே தசையைத் திரும்பத் திரும்ப இழுக்கும் உழைப்பு முதுகைத் தேய்க்கும். பயிற்சி அந்தத் தேய்மானத்துக்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைகளை எல்லாப் பக்கமும் சமமாக இறுக்கி, குனியும்போது பாரம் எலும்பின் மேல் நேரே விழாமல் பார்த்துக்கொள்ளும். உழைக்கிறவளுக்குத்தான் அது கூடுதலாக வேண்டும். ஆனால் கோதா அவளுக்கு மூடியிருந்தது. பள்ளி மைதானத்தில் அவளுக்குக் கிடைத்தது ஸ்கிப்பிங் கயிறும் ரிங் டென்னிசும்.

ஆனைமலைக்குப் பக்கத்து ஜமீன் காளியாபுரத்தில் 1920 பிப்ரவரி 24 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் நானம்மாள் பிறந்தார். எட்டு வயதில் தந்தையிடம் ஆசனங்கள் கற்றார். 1928-இல் ஒரு கொங்குக் கிராமத்தில் ஒரு தகப்பன் தன் பெண்குழந்தையைத் தரையில் கை ஊன்றி உடம்பை வளைக்கவும் நிமிர்த்தவும் பழக்கினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சார்யாவின் யோகசாலை அப்போது தொடங்கவே இல்லை. புத்தகமும் சான்றிதழும் இல்லாமல், வீட்டுக்குள் ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் செய்யும் மரபு அது. கணவர் சித்த வைத்தியரும் விவசாயியும். அந்த வீட்டில் இயற்கை மருத்துவமும் சேர்ந்துகொண்டது. பிள்ளை பெற்று, குடும்பம் நடத்தி, வயதாகியும் அவர் ஆசனத்தை விடவில்லை. பல பத்தாண்டுகள் கோவையில் தினமும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யோகா ஆசிரியர்களானார்கள்.

தொண்ணூறு கடந்து அவர் ஆசனம் செய்யும் காட்சிகள் உலகம் முழுக்கப் பரவின. சேலை கட்டிக்கொண்டே செய்தார். அந்தச் சேலையைச் சாதாரண விஷயமாகக் கடந்துபோகக் கூடாது. உடற்பயிற்சிக்குத் தனி உடை வேண்டும், தனி இடம் வேண்டும், இளம் வயது வேண்டும் என்ற மூன்று தடைகளையும் அவர் ஒரே நேரத்தில் தாண்டினார். வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, கட்டிய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செய்ய முடியும் என்று கண்ணால் கண்ட பெண்கள், பேச்சால் மாறுவதைவிட வேகமாக மாறினார்கள். 2016-ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருதும் 2018-இல் பத்மஸ்ரீயும் அவருக்கு வந்தன. 2019 அக்டோபர் 26 அன்று, தொண்ணூற்றொன்பது வயதில் மறைந்தார். பயில்வான்களின் வரலாற்றில் அவர் பெயர் சேர்க்கப்படுவதில்லை. சேர்க்க வேண்டும்.

ஆனைமலையிலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போனால் ஆழியாறு அணை வரும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் 1962-இல் திறக்கப்பட்டது. அதற்கு அருகே அருட்பெருஞ்ஜோதி நகரில் வேதாத்திரி மகரிஷி நிறுவிய அறிவுத் திருக்கோயில் இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தானும் தறியில் உட்கார்ந்தவர் அவர். தறிக்குழியில் கால் தொங்கவிட்டு மணிக்கணக்கில் குனிந்திருப்பவனின் இடுப்பு என்ன பாடுபடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வகுத்த எளிய முறை உடற்பயிற்சியில் தண்டால் கிடையாது, தலைகீழ் நிலை கிடையாது. கை, கால், மூச்சு, கண் என்று தொடங்கி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அழுத்துமுறை, தளர்த்துதல் என்று முடியும். மகராசனத்தில் படுத்தபடியே முதுகுத்தண்டை மெதுவாக முறுக்கித் திருப்புவார்கள். மல்லனுக்கு இது பயிற்சியாகவே தோன்றாது. மூட்டுவலிக்காரர், ரத்த அழுத்தக்காரர், பேறுகாலம் கடந்தவர், எழுபது வயதுப் பாட்டி ஆகியோரை மனதில் வைத்து வகுத்தது இது. மனவளக்கலை மன்றங்கள் வழியாகக் கொங்குச் சிற்றூர்களில் விடியற்காலையில் பெண்களும் ஆண்களும் ஒரே கூடத்தில் உடற்பயிற்சி செய்வது வழக்கமானது. 2006-இல் அவர் கோவையில் காலமானார். வகுப்புகள் தொடர்கின்றன.

பிளாங்க் என்ற பெயரோடு வந்த பயிற்சிக்கும் மேற்கில் ஒரு கதை உண்டு. ஜெர்மனியிலிருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்த ஜோசப் பிலாட்டிஸ் 1945-இல் வெளியிட்ட நூலில், கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்திக் காலைத் தூக்கும் பயிற்சி இருக்கிறது. ஆனாலும் வயிற்றுக்கென்றால் சிட்-அப்தான் என்று ராணுவங்களும் பள்ளிகளும் நீண்ட காலம் நம்பின. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆய்வு நடத்திய ஸ்டுவர்ட் மெக்கில், முதுகை மடக்கி மடக்கி எழும் அந்தப் பயிற்சி இடைத்தட்டுகளை எப்படி அழுத்துகிறது என்று அளந்து காட்டினார். முதுகை வளைப்பதல்ல, வளையாமல் காப்பதே நடுவுடல் தசைகளின் முக்கிய வேலை என்பது அவருடைய கருத்து. பிறகு அமெரிக்கக் கடற்படை, தரைப்படை, மரைன் படை மூன்றும் 2020-களின் தொடக்கத்தில் தங்கள் உடற்தகுதித் தேர்வுகளில் பிளாங்கைச் சேர்த்தன.

இதற்கிடையில் சாதனை வெறியும் வந்துவிட்டது. செக் நாட்டு யோசெஃப் ஷாலெக் 2023-இல் 9 மணி 38 நிமிடம் 47 விநாடி பிளாங்கில் நின்றார். ஒரு மாதத்தில் ஐந்து நிமிடம் நிற்கலாம் என்று சவால்கள் கைப்பேசியில் சுற்றுகின்றன. இது பழைய பயில்வான் கணக்கின் மறுபிறவிதான்: எத்தனை தண்டால் என்று கேட்ட வாய் இப்போது எத்தனை நிமிடம் என்று கேட்கிறது. முதுகுவலிக்காரருக்கு மெக்கில் சொல்வதோ பத்து விநாடிதான்: நிற்க, இறங்க, மூச்சு வாங்க, மறுபடி நிற்க.

அவர் முக்கியமாகப் பரிந்துரைப்பது பக்கவாட்டுப் பிளாங்கை. ஒரு முழங்கையையும் பாதத்தின் வெளியோரத்தையும் ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவது. யோகாக்காரர்கள் வசிஷ்டாசனம் என்று செய்வதற்கு நெருங்கிய உறவு. முதல் நாளே முடியாது. முழங்காலை மடித்துத் தரையில் வைத்துக்கொண்டு தொடங்கினால் பாரம் குறையும். நாற்று நட்டும் தேங்காய் மட்டை உரித்தும் ஒரு பக்கமாகவே இடுப்பைச் சாய்த்துப் பழகியவர்களுக்கு எந்தப் பக்கம் பலவீனம் என்பது இதில் இரண்டே நாளில் தெரிந்துவிடும். இடுப்பு இறங்கினாலோ, வலி வயிற்றை விட்டு முதுகுக்கு ஏறினாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும். அண்மையில் பிள்ளை பெற்றவர்களும், வட்டு விலகல் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதே சரி.

ஆனைமலை ஒன்றியத்துப் பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டால், அரை மணி நேரத்தில் நாற்பது பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். பந்து வேண்டாம், வலை வேண்டாம், அரசாணை வேண்டாம். காளியாபுரத்துத் தகப்பன் ஒருவர் 1928-இல் தன் வீட்டில் செய்ததைச் செய்ய ஒரு வகுப்பறைத் தரையும் மனமுள்ள ஒரு ஆசிரியையும் போதும்.